ஃப்ளாட் லீஸ் முடிகிறதா? நீட்டிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

வேலூர் - திருவண்ணாமலை சாலையில் சந்தவாசலில் பஸ் நின்றால், ஒரு கூட்டம் இறங்கி படவேடு ரேணுகாம்பாள் கோயில் பக்கம் திரும்பும். ஆடி மாதம் என்றால் சொல்லவே வேண்டாம். இன்னொரு கூட்டம் பையும் அரிசி மூட்டையுமாக ஏறும். வேலூர் போய், அங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் அபார்ட்மென்ட் கலாசாரம் கிடையாது. ஆனால், ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் பலருக்கு நகரத்து ஃப்ளாட்தான் முகவரி.

அந்த ஃப்ளாட்டுக்கு மாத வாடகை கொடுத்து மாளாது என்று நினைப்பவர்கள் தேடிப்போவது 'லீஸ்'. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் போதும். வாடகை இல்லை, காலம் முடிந்ததும் கொடுத்த பணம் அப்படியே கைக்குத் திரும்பும். ஊரில் நிலத்தையும் வீட்டையும் போக்கியத்துக்கு விட்டும் எடுத்தும் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தென் மாவட்டங்களில் 'ஒத்தி' என்பார்கள். பெயர்தான் வேறு, சங்கதி ஒன்று.

சிக்கல் வருவது முதல் லீஸ் முடியும்போது. ஹவுஸ் ஓனர் போன் செய்கிறார். "இன்னும் ரெண்டு லட்சம் சேர்த்துக் கொடுங்க, தொடர்ந்து இருந்துக்கங்க" என்கிறார். பிள்ளைகளின் ஸ்கூல் பக்கத்திலேயே இருக்கிறது. வீடு மாறினால் தரகர், லாரி, பெயின்ட் என்று எல்லாமே செலவு. சரி என்று சொல்லி, பழைய அக்ரிமென்ட்டின் பின்பக்கத்தில் 'மேலும் 11 மாதம் நீட்டிக்கப்பட்டது' என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பத்து நிமிட வேலை. பத்து, பன்னிரண்டு லட்சம் ரூபாய் அந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கிறது.

அது ஏன் போதாது என்பதைப் பார்க்கும் முன், பணக்கணக்கை முடித்துவிடலாம்.

மாதம் எவ்வளவு மிச்சம்?

சந்தவாசலிலிருந்து போய் அம்பத்தூரில் குடியிருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு முன்பு 10 லட்சம் கொடுத்து லீஸ் எடுத்தார்கள். இப்போது ஓனர் 12 லட்சம் கேட்கிறார். அதே ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்தால் மாதம் 12,000 ரூபாய்.

10 லட்சத்தை வங்கியில் 7 சதவிகித வட்டிக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 70,000 ரூபாய் வந்திருக்கும். அதாவது மாதம் 5,833 ரூபாய். 'லீஸ் என்றால் வாடகையே இல்லை' என்பது வாய்ப்பேச்சுதான். கைக்கு வராமல் போகும் இந்த வட்டிதான் உண்மையான வாடகை. கூடுதலாகக் கேட்கும் 2 லட்சத்துக்கு நகையை அடகு வைக்கிறார்கள், வட்டி 10 சதவிகிதம் என்றால் மாதம் 1,667 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 7,500. வாடகைக்கு இருப்பதைவிட மாதம் 4,500 ரூபாய் மிச்சம். பரவாயில்லை, நல்ல பேரம்தான்.

சம்பளக்காரர்கள் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். லீஸில் வாடகையே கட்டாததால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படிக்கான வரி விலக்கு கிடைக்காது. 30 சதவிகித வரம்பில் இருப்பவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

இதுவரை போட்ட கணக்கில் பத்திரப்பதிவுச் செலவு சேரவில்லை. பெரும்பாலானவர்கள் அதைச் சேர்ப்பதே இல்லை, காரணம் அவர்கள் பதிவே செய்வதில்லை.

11 மாதம் ஏன்?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டம். 1908-ம் வருட பதிவுச் சட்டமும் அதையே சொல்கிறது. அந்தச் செலவிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த வழிதான் 11 மாத அக்ரிமென்ட். மாத வாடகைக்கு இருப்பவருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. அட்வான்ஸ் போனாலும் மூன்று மாத வாடகையோடு போயிற்று. ஆனால், வாழ்நாள் சேமிப்பை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கும் லீஸ்காரரும் அதே 11 மாதத் தாளை வைத்துக்கொண்டு இருப்பதுதான் ஆச்சர்யம்.

தமிழ்நாட்டில் 22 பிப்ரவரி 2019 முதல் அமலில் இருக்கும் வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டமும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதை வாடகை ஆணையத்தில் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். காலம் முடிந்த பிறகு புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் நீளும். ஆனால், அதிகபட்சம் ஆறு மாதம்தான். 'ஓனர் ஒண்ணும் சொல்லலையே' என்று வருடக்கணக்கில் இருந்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குத்தகையா, போக்கியமா?

பேச்சு வழக்கில் எல்லாமே 'லீஸ்'தான். சட்டத்தில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. எதில் போகிறீர்கள் என்பதைப் பத்திரத்தின் வாசகம்தான் முடிவு செய்யும்.

ஒன்று, குத்தகைப் பத்திரம். வீட்டைப் பயன்படுத்தும் உரிமையை ஒரு காலத்துக்குக் கொடுக்கிறார் ஓனர், நீங்கள் கொடுப்பது டெபாசிட். தமிழ்நாட்டில் 30 வருடம் வரையிலான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 1 சதவிகிதம். 12 லட்சத்துக்கு 24,000 ரூபாய்.

இன்னொன்று, சுவாதீனத்தோடு கூடிய அடமானம். அதாவது நம் ஊர் போக்கியம். நீங்கள் ஓனருக்குக் கடன் கொடுக்கிறீர்கள், அந்தக் கடனுக்கு ஈடாக வீட்டை உங்கள் அனுபவத்தில் விடுகிறார். வட்டிக்குப் பதில் குடியிருப்பு. இதற்கு முத்திரைத் தீர்வை 4 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 1 சதவிகிதம். 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய்.

24,000 எங்கே, 60,000 எங்கே என்று தோன்றும். வித்தியாசம் பணம் திரும்பும் நாளில்தான் தெரியும். போக்கியத்தில், கொடுத்த பணம் கைக்கு வரும்வரை வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமை அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. வெறும் குத்தகையில், காலம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்வது ஒரு கடமை, டெபாசிட்டைத் திருப்பித் தருவது இன்னொரு கடமை. ஓனர் 'அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும்' என்று கைவிரித்தால் கோர்ட்டு வாசல்தான்.

மறுபடியும் அம்பத்தூர் குடும்பத்துக்கு வருவோம். மூன்று வருடத்துக்கு நீட்டித்து, போக்கியமாகவே பதிவு செய்தால் 60,000 ரூபாய் என்பது மாதத்துக்கு 1,667 ரூபாய். மிச்சம் 4,500-லிருந்து 2,833 ஆகக் குறையும். குத்தகையாகப் பதிவு செய்தால் மாதத்துக்கு 667 ரூபாய், மிச்சம் 3,833. இரண்டே வருடம் என்றால் போக்கியச் செலவு மாதத்துக்கு 2,500 ரூபாய் ஆகிவிடும். ஆகவே, பதிவு செய்வதென்று முடிவெடுத்தால் ஒவ்வொரு வருடமும் நீட்டிக்கும் பேச்சே வேண்டாம். மூன்று வருடத்துக்குக் குறையாமல் பேசுங்கள். பத்திரம் எழுதுபவருக்கான கட்டணம் தனி.

இந்தச் செலவு யாருடையது? 1899-ம் வருட இந்திய முத்திரைச் சட்டப்படி, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், குத்தகைப் பத்திரத்துக்குக் குத்தகை எடுப்பவரும், அடமானப் பத்திரத்துக்கு அதை எழுதிக்கொடுப்பவரும் தீர்வை கட்ட வேண்டும். அதாவது போக்கியத்தில் அது ஓனர் தலையில் விழ வேண்டிய செலவு. நடைமுறையில் எந்த ஓனரும் கட்டுவதில்லை. ஆனாலும் பாதிப் பாதி என்று பேரம் பேச இது ஒரு பிடி.

நீட்டிப்பது வேறு, புதுப்பிப்பது வேறு

நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். உச்ச நீதிமன்றம் 1989-ல் பிரவாஷ் சந்திர தலூய் வழக்கில் இரண்டையும் பிரித்துக் காட்டியது. நீட்டிப்பு என்றால் பழைய குத்தகையே தொடர்ந்து ஓடுகிறது. புதுப்பிப்பு என்றால் பழையது முடிந்து புதிதாக ஒன்று பிறக்கிறது, அதற்குப் புதிய பத்திரம் வேண்டும். முதல் பத்திரம் எழுதும்போதே 'குடியிருப்பவர் விரும்பினால் இதே பத்திரத்தின் கீழ் இன்னும் இரண்டு வருடம் நீளும்' என்று எழுதுவதும், 'காலம் முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம்' என்று எழுதுவதும் ஒன்றல்ல.

கேட்பதற்கு வக்கீல்கள் பிரச்னை போல இருக்கும். ஆனால், நடுவில் ஒரு வங்கி வந்தால் இது நம் பிரச்னை ஆகிவிடும்.

முதல் லீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓனர் அதே ஃப்ளாட்டின் பேரில் கடன் வாங்கியிருக்கலாம். சொத்தின் மீது பல உரிமைகள் இருந்தால் காலத்தால் முந்தியதற்கே முன்னுரிமை. உங்கள் போக்கியம் முறையாகப் பதிவாகி, வங்கிக் கடனுக்கு முன்பே இருந்தால் நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள். அதை ரத்து செய்துவிட்டு 12 லட்சத்துக்குப் புதுப் பத்திரம் எழுதினால், புதுத் தேதி. வங்கி உங்களைத் தாண்டி முன்னால் போய்விடும். ஆசையாகப் புதுப் பத்திரம் எழுதியவர் அன்றைக்கே வரிசையில் பின்னால் போய் நிற்கிறார்!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய போக்கியப் பத்திரத்தை அப்படியே உயிரோடு வைத்துக்கொண்டு, கூடுதலாகக் கொடுக்கும் 2 லட்சத்துக்கு மட்டும் தனியாக ஓர் ஈட்டுப் பத்திரம் எழுதுவது. முதல் 10 லட்சத்தின் முன்னுரிமை கலையாது. செலவும் 2 லட்சத்துக்கு மட்டும்தான். 5 சதவிகிதம் என்று வைத்தாலும் 10,000 ரூபாய். பத்திரம் எழுதுபவரிடம் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும், அவராகச் சொல்வது அபூர்வம்.

வங்கி நோட்டீஸ் ஒட்டினால்...

லீஸ் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய விபத்து இதுதான். ஓனர் தவணை கட்டவில்லை. 2002-ம் வருட சர்ஃபேசி சட்டத்தின்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கிறது, பிறகு சொத்தைக் கையகப்படுத்த வருகிறது. நோட்டீஸ் போவது ஓனரின் முகவரிக்கு. குடியிருப்பவருக்குத் தெரிவது கதவில் காகிதம் ஒட்டும் நாளில்தான்.

2016-ல் வந்த திருத்தத்தால், குடியிருப்பவரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய் தன் உரிமையைச் சொல்ல முடியும். ஆனால், எதைக் காட்டுவது என்பதுதான் கேள்வி. 2019-ல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: ஓராண்டுக்கு மேல் குடியிருக்க உரிமை உண்டு என்று கோருபவர் பதிவு செய்த பத்திரத்தைக் காட்ட வேண்டும். பின்பக்கத்தில் எழுதி நீட்டித்த 11 மாதத் தாள் அங்கே செல்லாது.

கடனுக்குப் பிறகு எடுத்த லீஸ் என்றால் பதிவு செய்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு, அடமானம் வைத்த ஓனர் ஒரு கட்டடத்தைக் குத்தகைக்கு விட்டால் மூன்று வருடத்துக்கு மேல் விடக்கூடாது என்கிறது. போதாததற்கு, எங்கள் சம்மதம் இல்லாமல் குத்தகைக்கு விடக்கூடாது என்று வங்கிகள் தங்கள் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். கடன் இருக்கும் ஃப்ளாட் என்றால் வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அதனால் முதலில் எடுக்க வேண்டியது வில்லங்கச் சான்றிதழ். முதல் லீஸின்போது பார்த்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள், நீட்டிக்கும்போதுதான் அது அதிகம் தேவை. பதிவுத்துறை இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம். முதல் லீஸ் தேதியிலிருந்து இன்றுவரை என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆனால், பத்திரத்தை வங்கியில் வெறுமனே கொடுத்து வாங்கிய கடன் சில சமயம் ஈ.சி-யில் வராது. அதற்காகத்தான் 2011-ல் தொடங்கிய 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேடு. சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டச் சொல்வதும் நல்லது. 'லாக்கர்ல இருக்கு, ஊர்ல இருக்கு' என்று நாள் கடத்தினால் புரிந்துகொள்ளலாம்.

சென்னை, பெங்களூரில் இப்போது இன்னொரு வகையும் ஓடுகிறது. நடுவில் ஒருவர் ஓனரிடம் ஃப்ளாட்டை மாத வாடகைக்கு எடுத்து, நம்மிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'லீஸு'க்கு விடுவார். அவர் வாடகை கட்டுவதை நிறுத்தினால் ஓனர் வந்து நிற்பார். பணம் வாங்கியவர் வேறு, வீட்டுக்காரர் வேறு. நீட்டிக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவர் பெயரும், மூலப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது இதற்காகத்தான். பவர் ஏஜென்ட் என்றால் அடமானம் எழுதிக்கொடுக்க அந்தப் பவரில் இடமிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

லண்டனில் லீஸ், கொரியாவில் லீஸ்

நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் லண்டனிலும் வீடு வாங்குகிறார்கள். அங்கே 'லீஸ்' என்பது வேறு கதை. சிங்கப்பூரில் வீட்டு வசதி வாரிய ஃப்ளாட் 99 வருட லீஸ். காலம் முடிந்தால் அரசுக்கே திரும்பும். பழைய ஃப்ளாட் வாங்கும்போது, மீதியுள்ள வருடங்கள் வாங்குபவரின் 95 வயது வரை வருமா என்பதைப் பொறுத்துத்தான் சேமநிதியிலிருந்து எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது முடிவாகிறது. இங்கிலாந்தில் ஃப்ளாட் லீஸை நீட்டிக்கும் உரிமையை 1993-ம் வருடச் சட்டம் கொடுத்தது. மீதிக் காலம் 80 வருடத்துக்குக் கீழே போய்விட்டால் செலவு எகிறும். அந்தக் கூடுதல் தொகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கல்யாண மதிப்பு'! லீஸும் நிலமும் ஒரே கையில் சேருவதால் உயரும் விலையாம். 990 வருடம் வரை நீட்டிக்கலாம், கல்யாண மதிப்பும் வேண்டாம் என்று 2024-ல் புதுச் சட்டம் போட்டார்கள். அது படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது.

நம் லீஸுக்கு உண்மையான உறவுக்காரர் தென்கொரியாவில் இருக்கிறார். 'ஜொன்செ' என்று பெயர். வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட மொத்தமாகக் கொடுத்து, இரண்டு வருடம் வாடகையில்லாமல் இருந்து, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். 2020-ல் அங்கே கொண்டுவந்த விதிப்படி, குடியிருப்பவர் ஒருமுறை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஓனர் அதிகபட்சம் 5 சதவிகிதம்தான் உயர்த்த முடியும். அம்பத்தூர் கணக்கில் ஓனர் கேட்டது 20 சதவிகிதம். நம் ஊரில் அதற்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது.

ஆனால், அந்தக் கொரியாவிலேயே அடுத்த சில வருடங்களில் வீட்டு விலை சரிய, நூற்றுக்கணக்கில் வீடுகளை வைத்திருந்த ஓனர்களால் பணத்தைத் திருப்பித்தர முடியவில்லை. சேமிப்பை இழந்த இளைஞர்கள் சிலர் உயிரையே விட்டார்கள். 2023-ல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நம் ஊர் லீஸுக்கும் அதே பலவீனம் உண்டு. நாம் கொடுத்த பணம் ஓனரின் பீரோவில் இல்லை. அவர் அதை எப்போதோ செலவழித்துவிட்டார்.

ரொக்கம் வேண்டாம்

கூடுதல் தொகையைக் கொடுக்கும்போது ஓனர் 'கேஷா குடுத்துடுங்க' என்பார். 20,000 ரூபாய்க்கு மேல் கடனோ டெபாசிட்டோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல வங்கி வழியாகத்தான். நாம் மாட்டமாட்டோம், ஓனர்தானே மாட்டுவார் என்று இருக்க வேண்டாம். கேஷாகக் கொடுத்த 2 லட்சத்துக்கு ரசீது இல்லாவிட்டால், பத்திரத்தில் பழைய 10 லட்சம்தான் இருக்கும்.

பத்திரத்தில் இன்னும் சில வரிகள் இருக்கட்டும். காலி செய்வதற்கு எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, வீட்டை விற்றால் வாங்குபவரும் இந்தப் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டவர், ஓனர் இல்லாமல் போனால் வாரிசுகள் பொறுப்பு. எல்லாம் பேசினதுதானே என்பவர்கள்தான் பெயின்ட் கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

ஒரு நாள் லீஸை முடித்துக்கொண்டு கிளம்புவீர்கள். அன்றைக்குப் பணம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். பதிவு செய்த போக்கியம் என்றால் அதோடு முடியாது. பணம் பெற்றுக்கொண்டதாக ரசீதுப் பத்திரம் எழுதி அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஓனரின் ஈ.சி-யில் உங்கள் பெயர் அப்படியே நிற்கும், அடுத்து வாங்க வருகிறவர் தயங்குவார். ஓனர்களுக்கு இது தெரியும். அதனால், பதிவு செய்த லீஸ்காரரின் பணத்தை இழுத்தடிக்க அவர்களுக்கே மனம் வராது.